மூட்டைப்பூச்சி போகட்டும், அப்புறம் வாங்க

எலவனாசூர்கோட்டை
10.12.2023
(எழுதி, அனுப்பாமல் நோட்டிலேயே மடித்து வைத்த பக்கம்)

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. உங்கள் தம்பி போன மாதம் இருபத்திரண்டாம் தேதி, வயலுக்கு வாங்கி வைத்திருந்த பூச்சி மருந்தைக் குடித்துவிட்டார். உயிர் பிழைத்துவிட்டார் அண்ணி, பயப்படாதீர்கள். பக்கத்து வீட்டு லூசி அக்காதான் ஆட்டோவைக் கூப்பிட்டு வந்து அவரைத் தூக்கிப் போட்டார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். ஊரில் காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

எல்லாம் என் வாயால் வந்தது. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து குருத்தெல்லாம் போய்விட்டது. இரண்டாவது முறை விதைத்ததும் அதே கதிதான். அன்றைக்குக் காலையில் அவர் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் பாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, "உங்க கை வெச்சது எதுதான் வெளங்கிச்சி?" என்று கேட்டேன். எழுந்து வயல் பக்கம் போனார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த எண்ணம் திரும்பவும் வரலாம்மா. வர்ற நேரத்துல கைக்கு எட்டுற மாதிரி ஒண்ணும் இருக்கக் கூடாது. வயலுக்கு வாங்குற மருந்தும் வேணாம், எறும்புக்கு வாங்குற மருந்தும் வேணாம். மாசம் ஒரு தடவ கூட்டிகினு வா. மனசு விட்டுப் பேசுறதுக்கு அவருக்கு யாராவது வேணும்" என்றார். நீங்கள்தான் அந்த ஆள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாப்பா எழில்மதி தலையில் என் கையை வைத்து இவர் சத்தியம் வாங்கிவிட்டார். "அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது. இடுப்புல தூக்கிகினு என்ன வளத்தவ. அவ மொகத்துல நான் எப்புடி முழிப்பேன்?" என்று அழுதார்.

இப்போது வீடெல்லாம் மூட்டைப்பூச்சி. ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட இருந்த யாரோ ஒரு அம்மா இரக்கப்பட்டுக் கொடுத்த பழைய பாயில் படுத்தேன். வரும்போது அதையும் சுருட்டிக்கொண்டு வந்தேன், புத்திகெட்டவள். நீங்கள் எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த வேங்கைக் கட்டில் முழுக்க இறங்கிவிட்டது. கடைக்காரர் மருந்து அடி என்கிறார். மருந்தை எப்படி அண்ணி இந்த வீட்டுக்குள்


எலவனாசூர்கோட்டை
11.12.2023

அன்புள்ள அண்ணிக்கு நிர்மலா எழுதிக்கொள்வது. நாங்கள் மூன்று பேரும் நலம். அங்கே உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? முழங்கால் வலி பரவாயில்லையா?

உங்கள் தம்பிக்குக் காமாலை வந்து கொஞ்ச நாள் படுத்திருந்தார். இப்போது எழுந்து நடமாடுகிறார், கவலைப்பட வேண்டாம். போன் அவரிடம்தான் இருக்கிறது, உங்கள் ஊரிலோ டவர் கிடையாது. அதனால்தான் கடிதம்.

ஒரு உதவி வேண்டும் அண்ணி. நீங்கள் கொடுத்த கட்டிலில் மூட்டைப்பூச்சி வந்துவிட்டது. பாப்பா முதுகெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருக்கிறது. மருந்து அடிக்காமல், இலை தழை வைத்தே போக்குவதற்கு வழி இருந்தால் எழுதுங்கள். விடுதியில் அத்தனை பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கிறீர்களே, உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

பாப்பா அத்தையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
நிர்மலா


வெள்ளிமலைக்கு மேலே, பள்ளி விடுதி
20.12.2023

நிர்மலாவுக்கு உன் அண்ணி விஜயலட்சுமி எழுதுவது. இங்கே குளிர் எலும்பு வரைக்கும் போகிறது. எண்பது பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற அடுப்பு இருப்பதால் உயிரோடு இருக்கிறேன். அங்கே எல்லாரும் சுகமா?

முதலில் உன்னிடம் சண்டை. என் தம்பிக்குக் காமாலை வந்திருக்கிறது, எனக்கு ஒரு வார்த்தை இல்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாயா? உப்பு, எண்ணெய் குறைத்தாயா? நான் இருந்திருந்தால் மூன்று நாளில் இறக்கியிருப்பேன். சரி, போகட்டும்.

மூட்டைப்பூச்சிக்கு நான் சொல்வதை அப்படியே செய். கட்டிலைப் பிரித்துப் போடு. சேர்க்கிற இடுக்கு ஒவ்வொன்றிலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்று. ஆறின தண்ணீர் ஊற்றினால் அதுங்களுக்குக் குளியல் மாதிரி ஆகிவிடும். காய்ந்த பிறகு கோழி இறகில் வேப்பெண்ணெயைத் தொட்டு இடுக்கில் பூசு. துணிமணி, தலையணை உறை எல்லாம் வெந்நீரில் போட்டு அலசு. மெத்தையை மாடி வெயிலில் புரட்டிப் புரட்டிப் போடு. கட்டில் கால் நான்கையும் தண்ணீர் ஊற்றின கொட்டாங்குச்சியில் நிறுத்து. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடு.

நொச்சி இலை ஒரு மூட்டை அனுப்புகிறேன். பாப்பாவை வெளியே வைத்துவிட்டு அறையை மூடிப் புகை போடு. புகையில் செத்துவிடும் என்று நினைக்காதே. மூச்சு முட்டி வெளியே வரும், அவ்வளவுதான். வரும்போது கையில் வெந்நீர் இருக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் தூவ ஒரு பொடி இருக்கிறது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அதன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பார்கள். எழுதலாமா கூடாதா என்று தெரியாததால் எழுதவில்லை. நாட்டு மருந்துக் கடையில் பிள்ளை வளர்ப்பான் என்று கேள், கொடுப்பார்கள்.

ஒரு நாளில் போகிற சனியன் இல்லை இது. முட்டை பொரித்துக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒரு தரம், விடாமல், இரண்டு மாதம் செய்ய வேண்டும். "போயிடுச்சி" என்று நீ உட்கார்ந்துவிட்டால் அது எழுந்துவிடும்.

மூட்டையை வேடியப்பன் ஜீப்பில் வெள்ளிமலைக்கு அனுப்பி, அங்கிருந்து கண்டக்டர் சரத்குமாரிடம் கொடுத்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சேர்க்கச் சொல்கிறேன். நான் போட்ட முடிச்சை என்னைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாது என்று உனக்குத் தெரியும். கத்தியால் அறுத்துக்கொள்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. நம் வீட்டில் ஒரு நாளும் மூட்டைப்பூச்சி வந்ததில்லை. எங்கேயிருந்து வந்தது?

அன்புடன்,
விஜயலட்சுமி


எலவனாசூர்கோட்டை
3.1.2024

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். நீங்கள் நலமா? நாங்கள் நலம். நொச்சி மூட்டை கிடைத்தது. முடிச்சை அறுத்துத்தான் எடுத்தேன்.

நீங்கள் சொன்னதெல்லாம் செய்தேன். உங்கள் தம்பி கட்டிலைப் பிரித்துக் கொடுத்தார். நான் வெந்நீர் ஊற்றினேன். முதல் நாள் தரையில் கறுப்பாகக் கிடந்ததைப் பெருக்கி எடுத்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் பாப்பா மறுபடி சொறிந்தாள். மார்கழியில் வெயில் எங்கே வருகிறது? மெத்தை ஈரம் காயாமல் கிடக்கிறது.

எங்கேயிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். உளுந்தூர்பேட்டைக்குப் போய் வந்தபோது பஸ் சீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

அவர் நன்றாக இருக்கிறார், கொஞ்சம் இளைத்திருக்கிறார். எங்கே போனாலும் நானும் பாப்பாவும் கூடவே போகிறோம். வயலுக்கு, டீக்கடைக்கு, முடிவெட்டுகிற கடைக்குக்கூட. ஊரில் சிரிக்கிறார்கள். "இன்னாம்மா, புதுப் பொண்ணு மாப்ளயாட்டம் ஒட்டிகினே சுத்துறீங்க" என்கிறார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

பொங்கலுக்கு வருவதாக வெள்ளிமலையிலிருந்து போன் போட்டு அவரிடம் சொன்னீர்களாம். இப்போது வேண்டாம் அண்ணி. உங்கள் பையில் ஏறி விடுதிப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டால் பாவம். மூட்டைப்பூச்சி போகட்டும், அப்புறம் வாங்க.

இப்படிக்கு,
நிர்மலா


பள்ளி விடுதி
21.1.2024

நிர்மலாவுக்கு. நான் சுகமாகத்தான் இருக்கிறேன். இருக்காமல் என்ன?

விடுதிப் பிள்ளைகள் எல்லாம் பொங்கலுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். எண்பது தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு நான் ஒருத்தி உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணன் செத்த வருஷம்கூட, ஒரு கரும்பும் மஞ்சள் கொத்தும் தூக்கிக்கொண்டு என் தம்பி இந்த மலை ஏறி வந்தான். இந்த வருஷம் அதுவும் இல்லை. பொங்கல் வரிசை கொண்டு வர ஆள் இல்லாத அக்கா ஆகிவிட்டேன். வேடியப்பன் பெண்டாட்டி செல்லியம்மாள் ஒரு கிண்ணம் பொங்கல் கொண்டு வந்து கொடுத்தாள். வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் வெள்ளிமலைக்குப் போய் அவனுக்குப் போன் போட்டேன். "நல்லாக்கீறேன்க்கா" என்றான். "ஏன்டா வரல?" என்றால் "நல்லாக்கீறேன்க்கா" என்றான். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை. நீ பின்னால் நின்றுகொண்டிருந்தாயா?

பஸ் சீட்டில் ஒன்று இரண்டு ஒட்டும். கட்டில் முழுக்க ஒட்டாது. பழைய பாய், தலையணை யாரிடமாவது வாங்கினாயா? எங்காவது போய்ப் படுத்திருந்தீர்களா? புருஷனை விட்டு அடி நகராமல் சுற்றுகிறாயே, அவனை என்னிடம் விடக் கூடாது என்றுதானா? பட்டென்று சொல்லிவிடு. நான் ஒன்றும் உன் குடித்தனத்தில் பங்கு கேட்க வரவில்லை.

பாப்பாவுக்கு என் முத்தம்.

விஜயலட்சுமி


எலவனாசூர்கோட்டை
3.2.2024

அன்புள்ள அண்ணிக்கு. உங்கள் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நீங்கள் நினைப்பது போல எதுவும் இல்லை. சத்தியமாக இல்லை. ஒரு பழைய பாய் வாங்கினேன், அதிலிருந்துதான் வந்தது. எரித்துவிட்டேன்.

பூச்சி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனாலும் இருக்கிறது. அவரே டார்ச் அடித்துத் தேடி ஊசியால் குத்தி எடுக்கிறார். வாரா வாரம் வெந்நீர் ஊற்றுகிறோம். போன வாரம் என் கையில் கொட்டிக்கொண்டேன், பெரிதாக இல்லை.

கடையில் மருந்து வாங்கி அனுப்பட்டுமா என்று போனில் அவரிடம் கேட்டீர்களாம். அது மட்டும் வேண்டாம் அண்ணி. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். பாப்பா எதைப் பார்த்தாலும் வாயில் வைக்கிறாள். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். பூச்சி போனதும் நானே கூப்பிடுகிறேன்.

கோபப்படாதீர்கள்.

நிர்மலா


பள்ளி விடுதி
12.2.2024

நிர்மலாவுக்கு அண்ணி எழுதுவது. இங்கே நலம். அங்கே நலம் என்று நீ எழுதுவதை நம்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

இரண்டு மாதமாக யோசித்துப் பார்த்தேன். மூட்டைப்பூச்சி இருக்கிற வரைக்கும் நான் அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. பூச்சியோ போகாது. ஏன் போகாது? நீ போக விடமாட்டாய். இலை வேண்டும், தழை வேண்டும், மருந்து மட்டும் வேண்டாம். ஊரே அடிக்கிற மருந்து உனக்கு மட்டும் ஆகாதா? பாப்பா வாயில் வைப்பாள் என்றால் பரண் மேலே வை. இது எனக்குப் போடுகிற தாழ்ப்பாள் என்று தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை.

அதனால் ஒரு முடிவு எடுத்தேன். வெள்ளிமலையில் இருப்பதிலேயே கடுமையான மருந்தாகக் கேட்டு ஒரு பாட்டில் வாங்கிவிட்டேன். ஒரே அடியில் முட்டையோடு போகும் என்றார் கடைக்காரர். மாவு மூட்டைத் துணியில் சுற்றி நானே முடிச்சுப் போட்டிருக்கிறேன். உன்னிடம் கொடுத்தால் சாக்கு சொல்வாய் என்று, தம்பிக்கே போன் போட்டேன். "வெள்ளிக்கெழம பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சரத்குமார்கிட்ட வாங்கிக்கோ. மூட்டப்பூச்சிக்கு மருந்து. நீயே அடி, அவகிட்ட குடுக்காத" என்றேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் "சரிக்கா" என்றான்.

பூச்சி செத்ததும் அடுத்த வாரமே வருவேன். அப்போது என்ன சாக்கு சொல்கிறாய் என்று பார்க்கிறேன்.

விஜயலட்சுமி


கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட்
16.2.2024, மதியம்
(மேலே உள்ள கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியது)

அண்ணி, நலம் விசாரிக்க நேரம் இல்லை. வண்டி எடுக்கப் போகிறார்கள்.

உங்கள் கடிதம் இன்றைக்குப் பதினொன்றரைக்குத்தான் வந்தது. காலையில் நான் பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, "கள்ளக்குறிச்சி வரைக்கும் போயிட்டு வரேன்" என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். சரி, டாக்டர் எழுதின மாத்திரை வாங்கப் போகிறார் என்று விட்டுவிட்டேன். மூன்று மாதத்தில் இன்றைக்குத்தான் அவரைத் தனியாக விட்டேன்.

அவருக்குக் காமாலை இல்லை அண்ணி. நவம்பரில் வயல் மருந்தைக் குடித்துவிட்டார். பிழைத்ததே பெரிது. வீட்டில் மருந்தே இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதற்காகத்தான் இலையும் தழையும். அந்தப் பாய் ஆஸ்பத்திரிப் பாய். நீங்கள் வந்தால் அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் வர வேண்டாம் என்றேன். பாப்பா தலையில் சத்தியம் செய்துகொடுத்திருந்தேன். அந்தச் சத்தியத்தை இப்போது முறித்துவிட்டேன். பாப்பாவுக்கு ஒன்றும் ஆகாது இல்லையா?

அன்றைக்குக் காலையில் நான்தான் அவரைப் பேசினேன். "உங்க கை வெச்சது எதுதான் வெளங்கிச்சி" என்று கேட்டேன். நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

"பத்தரைக்கே வாங்கிகினு போயிட்டாரேம்மா" என்கிறார் கண்டக்டர். போன் சுவிட்ச் ஆஃப். லூசி அக்கா வயலிலும் மோட்டார் கொட்டகையிலும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் இந்தக் கடைத்தெரு முழுக்கப் பார்த்துவிட்டேன். பாப்பா அழுகிறாள். ஒருவேளை உங்களிடம் வந்தால் அந்தப் பொட்டலத்தை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். லூசி அக்கா நம்பரைக் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். முதலில் பொட்டலத்தை


பள்ளி விடுதி
17.2.2024

என் நிர்மலாவுக்கு,

அவன் இங்கேதான் இருக்கிறான். பின்னால் விறகு பிளந்துகொண்டிருக்கிறான், சத்தம் கேட்கிறது. அவன் பஸ்ஸில் ஏறினதும் சரத்குமார் லூசிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். ஆனாலும் என் கையால் எழுதினதை நீ படிக்க வேண்டும் என்று, விடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். இதை இன்றைக்கே சரத்குமாரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று சாயங்காலம் நான் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். வேடியப்பன் ஜீப் வந்து நின்றது. இறங்கினது யார் என்று எனக்கு அடையாளமே தெரியவில்லை நிர்மலா. கழுத்து எலும்பு தெரிகிறது. ஒரு கையில் நான் அனுப்பின பொட்டலம், இன்னொரு கையில் மடித்த காகிதம். பொட்டலத்தை என் காலடியில் வைத்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாயா அலஞ்சி வாங்கி அனுப்புனா திருப்பியாடா கொண்டாற?" என்று கத்தினேன். பாவி நான், அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

"இத நீயே வெச்சிக்கோக்கா. எங்க வூட்டுல இதுக்கு எடம் இல்ல" என்றான்.

பிறகு தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவனே சொன்னான். நவம்பரில் நடந்ததைச் சொன்னான். நேற்று நடந்ததையும் சொன்னான். பொட்டலத்தை வாங்கினதும் வெள்ளிமலை போகிற வேறு ஒரு பஸ்ஸில் ஏறியிருக்கிறான், என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று. கோமுகி அணை வந்ததும் கால் தானாக இறங்கிவிட்டதாம். மடியில் அதை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தானாம். "இன்னாடா நெனச்ச அவ்ளோ நேரம்?" என்று கேட்டேன். "நீ போட்ட முடிச்சியையே பாத்துகினு இருந்தேன்க்கா. சின்னப் புள்ளயில என் அரணாக் கவுறுக்கு இதே முடிச்சிதான் போடுவ. அறுத்தாத்தான் வரும். அறுக்க மனசு வரல" என்றான். அப்புறம் எழுந்து ரோட்டுக்கு வந்து, மேலே வருகிற பஸ்ஸுக்குக் கை காட்டியிருக்கிறான். அது சரத்குமார் வண்டி. ஏறின பிறகுதான், "யோவ், உன் சம்சாரம் பஸ் ஸ்டாண்டுல அழுதுகினு நிக்குதுய்யா" என்று சொல்லி உன் காகிதத்தை இவனிடமே கொடுத்தாராம். நீ தேடுகிறாய் என்று தெரிவதற்கு முன்பே அவன் மேலே வரத்தான் கை காட்டினான். இதை நீ மறக்காதே.

என் கையாலேயே எமனைப் பொட்டலம் கட்டி அவன் கையில் கொடுத்திருக்கிறேன். நீ காலில் விழுகிறேன் என்று எழுதியும் எனக்கு உறைக்கவில்லை. உன்னைச் சந்தேகப்பட்டேன், வாய்க்கு வந்ததை எழுதினேன். மன்னித்துக்கொள் என்று கேட்கக்கூட வாய் கூசுகிறது. அந்தப் பாட்டில் இன்றைக்குக் காலையிலேயே வேடியப்பன் ஜீப்பில் கடைக்குத் திரும்பிப் போய்விட்டது. ஜீப் வளைவு திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன்.

இன்னொன்று. அவன் பேசி முடித்ததும் நான் கேட்டேன். "அன்னிக்கி அவ எதுனா சொன்னாளாடா?" என்று நேராகவே கேட்டேன். "அவ ஒண்ணும் சொல்லலக்கா. அவ இல்லன்னா நான் இல்ல" என்றான். உன் காகிதத்தை அதற்குப் பிறகுதான் பிரித்தேன். அவனும் பிரித்துப் படிக்கவில்லை, எனக்கு எழுதினது என்று அப்படியே கொண்டு வந்திருந்தான். நான் படித்து முடித்ததும், "இன்னா எழுதிக்கீறா?" என்றான். "உன்ன பத்தரமா அனுப்பச் சொல்றா" என்று சொல்லிவிட்டு, அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டேன். அதில் என் புத்திகெட்ட கடிதமும் சேர்ந்து எரிந்தது, நல்லதாகப் போயிற்று. நீ சொன்னதை அவன் மறைத்துவிட்டான், நானும் மறந்துவிட்டேன். நீ இனிமேல் அதைத் தூக்கிச் சுமக்காதே. பாப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. இப்படிப்பட்ட சத்தியத்தை முறித்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

ஞாயிற்றுக்கிழமை நொச்சி மூட்டையோடு அவனைப் பஸ் ஏற்றி விடுகிறேன். நான் கூட வரவில்லை. நீ கூப்பிடும்போது வருகிறேன். டாக்டரிடம் இந்த மாதம் தவறாமல் கூட்டிப் போ. நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

உன் அண்ணி,
விஜயலட்சுமி

(அதே தாளின் அடியில், வேறு கையெழுத்தில்)

நிர்மலா, நேத்து உன்ன ரொம்ப அலைய வெச்சிட்டேன். ஞாயித்துக்கெழம வந்து கட்டிலுக்கு நானே வெந்நி ஊத்துறேன். நீ ஊத்தாத, கை ஏற்கனவே வெந்து கெடக்குது. பாப்பாவ பாத்துக்கோ. தங்கதுரை.


எலவனாசூர்கோட்டை
14.4.2024

அன்புள்ள அண்ணிக்கு, உங்கள் நிர்மலா எழுதுவது. சித்திரை பிறந்துவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்த வெயிலுக்காக ஒரு ஆள் இவ்வளவு சந்தோஷப்பட்டதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மெத்தையை மாடியில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு மாதமாக நான் கடிதம் போடவில்லை என்று கோபமா? பயமாக இருந்தது அண்ணி. நலம் என்று எழுதி, தபால் உங்களிடம் வருவதற்குள் பொய்யாகிவிடுமோ என்று பயம். இன்றைக்குத்தான் துணிச்சல் வந்தது.

டாக்டரிடம் மூன்று தடவை போய் வந்தோம். அணையில் உட்கார்ந்திருந்ததையும் அவரே சொன்னார். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சில நாள் பேசாமல் சுவரைப் பார்த்தபடி கிடக்கிறார். சில நாள் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் போகிறார். முதல் முறை தனியாக அனுப்பியபோது வாசலிலேயே நின்றிருந்தேன். இப்போது உள்ளே வந்து சோறு வடிக்கிறேன். ஆனால் காது மட்டும் வாசலில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கட்டிலைப் பிரிக்கிறார். என்னைக் கிட்டே விடுவதில்லை. போன வாரம் அவர் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன். நீங்கள் காகிதத்தை எரித்துவிட்டீர்கள். என்னால் அந்த வார்த்தையை எரிக்க முடியவில்லை. "அன்னிக்கி நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டேன். ஊற்றுவதை நிறுத்தாமல், "இருக்குது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இந்தப் பூச்சி நான் ஊத்துனப்போ போவல. உங்க கை வெச்சதுக்கு அப்புறந்தான் கம்மியாச்சி" என்றேன். வெந்நீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். அப்புறம், "அந்தக் கோழி றெக்கைய எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேருமாக எண்ணெய் பூசினோம்.

நேற்று தலைமாட்டு இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தோம். இரண்டு இருந்தது. அடுத்த வாரமும் ஒன்றோ இரண்டோ இருக்கும் போலிருக்கிறது. முழுக்கப் போய்விட்டது என்று உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். இனிமேல் காத்திருக்கப் போவதில்லை.

மூட்டைப்பூச்சி இன்னும் இருக்கிறது அண்ணி. நீங்கள் வாங்க.

உங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
நிர்மலா, தங்கதுரை, எழில்மதி